நான்கு பெட்டிகளும் ஓர் இரைச்சலும்

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நாளைக்கு அரைமணி நேர அமைதி. சங்கீதம்கூட இரண்டாம்பட்சம்தான். இதைச் சொன்னால் ஹெட்போன் பைத்தியம் பிடித்தவர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாரும் சங்கீதத்துக்காகவே வாங்கினோம் என்பார்கள். நான் வாங்கியது காதை மூடிக்கொள்ள.

துவாக்குடி பக்கம் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் எனக்கு வேலை. இரும்புத் தகடுகளை வளைத்து, ஒட்டி, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புவோம். ஒட்டிய இடங்களைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, ‘ஓகே’, ‘ரிப்பேர்’, ‘ரிஜெக்ட்’ என்று சாக்பீஸால் எழுதுவது என் பொறுப்பு. பெயருக்கு இன்ஸ்பெக்டர். தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க கிரைண்டர் ஓடும், சுத்தியல் விழும். காதில் செருகிக்கொள்ள ரப்பர் மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது எல்லார் சட்டைப் பையிலும் பத்திரமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் தலைக்கு மேல் கிரேன் வருவது தெரியாது என்பது எங்கள் கட்சி.

சாயங்காலம் அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ். ஏர் ஹாரன், டிரைவருக்குப் பிடித்த பாட்டு. சத்திரத்தில் இறங்கினால் ஒவ்வொரு ஊர் பெயரையும் ஒவ்வொரு கண்டக்டர் கத்திக்கொண்டிருப்பார். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு பஸ். மேலூர் ரோட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே டூவீலர் சர்வீஸ் கடை. உற்சவம் என்றால் மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஸ்ரீரங்கத்தில் உற்சவம் இல்லாத மாதம் எது? ஊருக்கே புண்ணியம் சேர்க்கிற சத்தத்தைக் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் அலுத்துப்போகிறது.

மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளும் தொண்டை வற்றித்தான் வீட்டுக்கு வருவாள். மகள் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டையெல்லாம் கிடையாது, பேச்சுதான் குறைந்துவிட்டது. முன்பு சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போதெல்லாம் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேவையென்றால் தோளைத் தொடுவாள். ஐம்பதைத் தாண்டினால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். என் அரைமணி நேரத்துக்கு அவள் மரியாதை தருகிறாள் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அது வசதியாகவே இருந்தது.

போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களைக் காதுக்கான ஒலியாக மாற்றுவது டாக். மாற்றிய ஒலியை ஹெட்போனுக்குப் போதுமான அளவு பெருக்குவது ஆம்ப். இரண்டுமே எல்லாப் போனுக்குள்ளும் பிறவியிலேயே இருக்கின்றன. அது போதாது என்று தோன்றுகிறவர்களுக்குத் தனித்தனிப் பெட்டியாக விற்கிறார்கள். ஒருமுறை போதாது என்று தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு எதுவுமே போதாது. அதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

என்னிடம் ஒரு வயலின் கச்சேரிப் பதிவு இருக்கிறது. தோடி. ஆலாபனையில் ஓர் இடத்தில் வில் நின்றுவிடும். அடுத்த பிடி வருவதற்குள் ஒரு மூச்சு விடும் நேரம். அந்த இடத்துக்காகத்தான் நான் அந்தப் பதிவைக் கேட்பேன். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன், முதலில் வாங்கிய சின்ன டாக் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்தபோது, அந்த இடத்தில் மெல்லிசாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டது. தூரத்தில் எங்கோ குக்கர் ஆவி விடுவதைப்போல. அன்றிலிருந்து எனக்கு வயலின் கேட்கவில்லை, அது மட்டும்தான் கேட்டது.

பெட்டி சரியில்லை என்று முடிவுகட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோளாறு கண்டுபிடிப்பதுதானே தொழில். இணையத்தில் இதற்கென்று குழுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு தமிழ்க் குழுவில் சேர்ந்தேன். அங்கே பேசுகிற பாஷையே வேறு. ‘திரை விலகியது’ என்பார்கள், ‘மேடை அகலமானது’ என்பார்கள். இரைச்சல் துளியும் இல்லாத பெட்டிக்கு ‘கருப்புப் பின்னணி’ என்று பெயர். அந்தக் கருப்புப் பின்னணிதான் எனக்கு வேண்டியது. குழு சொன்னபடி இரண்டாவதாக ஒரு டாக் வாங்கினேன். முதல் சில நாள் இரைச்சல் குறைந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் குழுவில் எழுதினேன். பிறகு அதே ‘ஸ்ஸ்ஸ்’ திரும்பி வந்தது. தனியாக ஓர் ஆம்ப் வாங்கினேன். மறுபடியும் சில நாள் நிம்மதி, மறுபடியும் ‘ஸ்ஸ்ஸ்’.

மாற்றி மாற்றிக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஒரே பாட்டு, ஒரே இடம். ஒன்றின் சத்தம் கொஞ்சம் கூடினாலும் அதுவே நல்லதென்று காது ஏமாந்துவிடும் என்பதால், இரண்டு பெட்டியிலும் சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்வேன். கேட்டுவிட்டு ‘ஓகே’, ‘ரிப்பேர்’, ‘ரிஜெக்ட்’ என்று மனதுக்குள் எழுதுவேன். குழுவில் அந்த இரைச்சலைப் பற்றி விஸ்தாரமாக எழுதினேன். இந்தப் பெட்டியில் அது மணல் மாதிரி, அந்தப் பெட்டியில் ஈரத்துணி மாதிரி. எங்களுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லையே என்றார்கள் பலர். ஒருவர் மட்டும், “உங்களுக்குத் தங்கக் காது சார், எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல” என்று எழுதினார். அதில் எனக்குப் பெருமை வேறு. மற்றவர்களுக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறதே!

அந்தக் குழுவில்தான் பாய் பழக்கமானார். பெரிய கடை வீதி பக்கம் செல்போன் சாமான் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வரும்போது எல்லாரும் தங்கமும் டிவியும் கொண்டுவந்தால், இவர் கனமான ஒரு ஹெட்போன் ஆம்ப்பையும் அதற்கு ஜோடியாக ஒரு டாக்கையும் கொண்டுவந்திருந்தார். “சம்சாரம் ஏர்போர்ட்லயே ஏசிட்டா சார், இத வச்சு இட்லி அவிக்க முடியுமான்னு கேட்டா” என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதல்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது ஹெட்போனைக் கையில் கொடுத்து, “கேளுங்க சார்” என்றார். அவர் வீடு கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. கீழே தள்ளுவண்டி, மேலே ஃபேன், பக்கத்தில் அவருடைய பேத்தி. அந்தக் கலவரத்தில் அவர் பெட்டியில் எனக்கு இரைச்சல் எதுவும் கேட்கவில்லை.

“பாய், இதுதான் பாய். இதுதான் கருப்புப் பின்னணி.”

“அப்ப உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு. எர்த் சரியா இருக்கான்னு பாருங்க. எர்த் சரியில்லேன்னா எந்தப் பெட்டி வச்சாலும் இரையும்.”

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் குழியைத் தோண்டச் சொன்னேன். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஃப்ளாட்காரர்கள் எல்லாம் எட்டிப்பார்த்தார்கள், எதற்கு என்று கேட்டவர்களிடம் பாதுகாப்புக்கு என்று சொன்னேன். இரைச்சல் போகவில்லை. இன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வந்தது. அதை நிறுத்தினேன். பிறகு ஃப்ரிட்ஜ். அரைமணி நேரம்தானே என்று நிறுத்திவிட்டு, திரும்பப் போட மறந்துவிட்டேன். காலையில் பால் திரிந்திருந்தது. மனைவி எதுவும் சொல்லாமல் அதை வாஷ்பேசினில் கொட்டினாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அந்த நாட்களில் எனக்கு வந்த அலுப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஷெட்டில் நிற்கும்போதே சாயங்காலம் எந்த ஒயரை மாற்றிப் பார்க்கலாம் என்று யோசிப்பேன். வீட்டுக்கு வந்து மாற்றிப் பார்ப்பேன். இருக்கிறது. ஓய்வுக்காக ஆரம்பித்தது இரண்டாவது ஷிஃப்ட் ஆகிவிட்டது. விட்டுத் தொலைக்கலாம் என்றும் இருந்தது. விட்டால் அந்த அரைமணி நேரமும் போய்விடுமே என்று பயமாகவும் இருந்தது. எங்கோ ஒரு பெட்டிக்குள் முழு அமைதி இருக்கிறது, நான் இன்னும் சரியான பெட்டியைத் தொடவில்லை, அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன்.

பாய்க்கும் என் புலம்பல் கேட்டு அலுத்திருக்க வேண்டும். “ஞாயித்துக்கிழமை நான் என்னோட ரெண்டையும் எடுத்துக்கிட்டு வரேன் சார். உங்க ரெண்டு, என் ரெண்டு. ஒரே மூச்சுல முடிவு கட்டிருவோம்” என்றார்.

சொன்னபடி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். என் முதல் டாக்கை ஒதுக்கிவிட்டோம். மிச்சம் இரண்டு டாக், இரண்டு ஆம்ப். மாற்றி மாற்றிச் சேர்த்தால் நான்கு ஜோடி. என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பெட்டியைப் பார்த்தால் மனசு முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது இந்த விளையாட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இன்வெர்ட்டரை ஏற்கெனவே அணைத்துவைத்திருந்தேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினோம். வேர்த்துக் கொட்டியது. உள் அறையில் மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

இரைச்சலைப் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்பில் சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்துக் கேட்க வேண்டும். அப்போது காதில் வருவது எதுவோ அது பெட்டியின் சொந்த இரைச்சல். முதல் ஜோடியை அப்படித்தான் கேட்டேன்.

“இருக்கு பாய். மணல் மாதிரி.”

அவர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். “எனக்கு ஒண்ணும் இல்லியே சார்.”

“உங்களுக்கு அங்க கம்ப்ரசர் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு பாய்” என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் அடுத்த ஜோடியை மாட்டினார்.

இரண்டாவதில் கூடுதல். மூன்றாவதில் சற்றுக் குறைவு, ஆனால் இடது பக்கம் தூக்கலாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பாய், “எனக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் ஏறியது. நான்காவதை மாட்டி, என் காதில் வைத்துவிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இதிலும் இருந்தது. ஆனால் மற்றதைவிட மெல்லியது, கொஞ்சம் மிருதுவானது.

“இதுலயும் இருக்கு. ஆனா நாலுலயும் இதுதான் பரவாயில்ல பாய். இதுக்கு ஓகே போடலாம்.”

பாய் ஹெட்போனை வாங்கிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“என்ன பாய், இது எந்த ஜோடி?”

கண்ணைத் திறந்தேன். அவர் ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முகப்பில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. டாக்கிலும் விளக்கு இல்லை. சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மோடத்திலும் இல்லை.

“கரண்ட் போயிருச்சு சார்” என்றார் மெதுவாக. “உங்க காதுல வைக்கிறப்பவே போயிருச்சு. சொல்லலாம்னு பாத்தேன், அதுக்குள்ள நீங்க கேக்க ஆரம்பிச்சிட்டீங்க.”

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. ‘ஸ்ஸ்ஸ்’ என்று அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாய் கையை நீட்டி, ஆம்ப்பிலிருந்து ஹெட்போன் ஒயரை உருவி, நுனியை என் மடியில் வைத்தார். இப்போது அந்த ஒயர் எதிலும் செருகப்படவில்லை. அப்போதும் இரைந்தது. இத்தனை நாளும் ஷெட்டிலும் பஸ்ஸிலும் ஃபேனுக்கு அடியிலும் மற்றச் சத்தங்கள் அதை மூடிவைத்திருக்கின்றன. காதை நன்றாக மூடிக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் வெளியே வந்திருக்கிறது. நான் பெட்டி பெட்டியாகத் தேடிப் பிடித்து ரிஜெக்ட் போட்டதெல்லாம் என் காதுக்குத்தான்.

பாய் என் முழங்காலில் கை வைத்தார். “அல்லா இருக்கான் சார். மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க” என்றார். தன் இரண்டு பெட்டிகளையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உள் அறை வாசலில் நின்று மனைவியிடம், “சாருக்குக் காதுல ஏதோ இரைச்சல் இருக்கும்மா. கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிவப்புப் பேனாவோடு வந்து என்னைப் பார்த்தாள். ஹெட்போனை அவளே என் தலையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் மனைவி முன்பதிவு செய்தாள். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அங்கேயும் ஹெட்போன்தான். அந்த அறையின் அமைதியில் என் இரைச்சல் ஊருக்கே கேட்கும்போல இருந்தது. அதற்கு நடுவில் எது அவர்கள் அனுப்புகிற சத்தம், எது என்னுடையது என்று தெரியாமல் சும்மா அழுத்தினேன், சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் எதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு சிறு வயதுப் பெண். வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். நேராக வந்த கோடு பாதிக்கு மேல் மடமடவென்று கீழே இறங்கியிருந்தது. “மேல் ஸ்தாயி சத்தமெல்லாம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இடது காது இன்னும் மோசம். அதுக்குப் பதிலா காது தானே ஒரு சத்தத்தப் போட்டுக்குது” என்றார். “சுத்தி சத்தமா இருந்தா, இல்ல ஆளு முதுகக் காட்டிக்கிட்டுப் பேசினா, என்ன பேசுறாங்கன்னே புரியாதே உங்களுக்கு?”

“அப்படியெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்றேன்.

“புரியாது” என்றாள் மனைவி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத முழுசா எடுக்க முடியாது சார்” என்றார் டாக்டர். “ஆனா பழகிக்கலாம். வேலை செய்யற எடத்துல காத மூடிக்கோங்க. வீட்டுல அமைதியா ஒரு எடம் தேடி உக்காராதீங்க. அமைதில அது பெருசாத்தான் தெரியும். ஒரு ஃபேனாவது ஓடிக்கிட்டு இருக்கட்டும்.”

வெளியே வந்தோம். மருந்துக்கடைக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அமைதிக்காக இத்தனை பாடுபட்டவனைப் பார்த்து, இனி அமைதியே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அழுகை வரும்போல இருந்தது, ரோட்டில் வைத்து அழ முடியுமா? சும்மா ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் கழித்து எழுந்து வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள்.

“ஸ்கூல் தொறந்த புதுசுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

“ஹெச்.எம். ப்ரமோஷன் வந்துருக்கு, பச்சைமலை மேல ஒரு ஸ்கூல். பஸ் சரியா கெடையாது, வாரம் பூரா அங்கேயே தங்கணும். போகட்டுமா வேணாமான்னு கேட்டேன். நான் அடுப்புப் பக்கம் நின்னுகிட்டு இருந்தேன், நீங்க டைனிங் டேபிள்ல இருந்தீங்க. ‘ம்’னு சொன்னீங்க.”

“எனக்குக் கேக்கல.”

“அது இப்பதானே தெரியுது. மறுநாளும் கேட்டேன். அப்பவும் ‘ம்’. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரான்னு நின்னேன். போன்னாவது சொல்லலாம். சரி, நான் இருந்தாலும் இல்லாட்டியும் இவருக்கு ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் உங்களக் கூப்பிடறதையே விட்டுட்டேன்.”

“இப்பச் சொல்றேன். போக வேணாம்.”

அவள் என் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அது போகும்வரை காத்திருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

“சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டேங்க. ஆர்டரும் வந்துருச்சு. திங்கக்கெழமை போய்ச் சேரணும்.”

ஓர் எழுத்துகூட விட்டுப்போகாமல் எனக்குக் கேட்டது.